நோட்டீஸ் கொடுத்ததோடு பொறுப்பு முடிவதில்லை

"கிளினிக் பார்ட்னர்ஷிப்பைக் கலைப்பதாக நோட்டீஸ் கொடுத்த அன்றோடு டாக்டரின் பொறுப்பு முடிந்தது, இருப்பதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கால வரம்பு வைக்காத பார்ட்னர்ஷிப்பை நோட்டீஸ் கொடுத்துக் கலைக்கலாம், சரி. ஆனால் வெளியாருக்கு முறைப்படி தெரிவிக்கும்வரை பொறுப்பு தொடரும். பிரிட்டனின் 1890 பார்ட்னர்ஷிப் சட்டமும் இந்தியாவின் 1932 பார்ட்னர்ஷிப் சட்டமும் இதில் ஒரே நிலைதான். வாசல் பலகையிலும் மருந்துச்சீட்டிலும் இன்னும் உங்கள் பெயர் இருக்கிறதா? அப்படியென்றால் மருந்து சப்ளை செய்பவர் பாக்கிக்கு உங்களையும் பிடிப்பார். இருவரும் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஸ்கேன் மெஷின் கடன், வங்கி விடுவிக்கும்வரை உங்கள் தலையிலும்தான்.

பிரிப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் வெளிக்கடன், அடுத்து பார்ட்னர்கள் கொடுத்த கடன், அப்புறம் அவர்கள் போட்ட முதலீடு. மிஞ்சியதைத்தான் லாப விகிதப்படி பிரிக்க முடியும். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இருந்தால் அது உங்களுக்குள் செல்லும், கடன் கொடுத்தவரைக் கட்டாது.

நோயாளிகளைப் பற்றி இங்கே யாருமே பேசாததுதான் எனக்கு வருத்தம். பாதி சிகிச்சையில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.