எத்தனை சீட்டு என்பது சரி, கோடு எங்கே விழும்?

தொகுதி மறுவரையறை என்ற பேச்சு வந்தாலே, தமிழ்நாட்டின் 39 எம்.பி. சீட்டு குறையுமா, நிற்குமா என்பதில்தான் எல்லாருக்கும் கண். 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டியதும் அதற்காகத்தான். நியாயமான கவலை, மறுக்கவில்லை. ஆனால் 2008இல் தொகுதிகளின் எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டபோது ஒரு சீட்டுகூடக் குறையவில்லை. இருந்தும் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் யாருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்பதே மாறிப்போனது. அதைப் பேச ஆளைக் காணோம்.

நான் தொண்டிக்காரன். 2004 தேர்தல் வரை எங்கள் திருவாடானை, சிவகங்கை எம்.பி. தொகுதியில் இருந்தது. கலெக்டருக்கு ராமநாதபுரம் பஸ், எம்.பி.க்கு சிவகங்கைப் பக்கம் போகிற பஸ். மறுவரையறை எங்களை ராமநாதபுரத்தோடு சேர்த்தது. கடலாடி சட்டமன்றத் தொகுதி இல்லாமல் போய், சாயல்குடிப் பக்கமெல்லாம் முதுகுளத்தூருக்குள் போனது. விருதுநகர் மாவட்டத் திருச்சுழியும் புதுக்கோட்டை மாவட்ட அறந்தாங்கியும் வந்து சேர்ந்தன. பெயர்தான் பழசு, தொகுதி புதுசு.

அறந்தாங்கிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் இருந்தது நியாயம்தான். புதுக்கோட்டை என்ற எம்.பி. தொகுதியையே கலைத்து, திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்காகப் பிய்த்துக் கொடுத்துவிட்டார்கள். அங்கே எம்.பி.யாக இருந்த சு. திருநாவுக்கரசர் 2009இல் பா.ஜ.க. சார்பில் இங்கே வந்து நின்றார், மூன்றாம் இடம் கிடைத்தது. ஜெயித்தவர் தி.மு.க.வின் ஜே.கே. ரித்தீஷ். (அதே தேர்தலில் சிவகங்கையில் ப. சிதம்பரம் 3,354 ஓட்டில் ஜெயித்து, விஷயம் வழக்கு வரை போனது. அந்தக் கூத்தில் எங்கள் ஊர் ஓட்டு இல்லாமல் போனதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.)

இவ்வளவு குளறுபடியிலும் ஒரு நல்லது நடந்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் எல்லாம் ஒரே எம்.பி.க்குக் கீழே வந்தன. இலங்கைக் கடற்படை மீனவர் படகைப் பிடிக்கும்போது அது எந்த மாவட்டத்துப் படகு என்று பார்ப்பதில்லை. டெல்லியில் கேட்கிற வாயும் ஒன்றாக இருக்கட்டுமே.

அப்புறம் ஏன் அந்த வாய்க்குப் பலம் வரவில்லை? காலண்டரைப் பாருங்கள். 2009 மே 13, 2014 ஏப்ரல் 24, 2019 ஏப்ரல் 18, 2024 ஏப்ரல் 19. புதுத் தொகுதி கண்ட நான்கு எம்.பி. தேர்தல் ஓட்டுப்பதிவும் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் விழுந்தவை. ஏப்ரல் 15 பிறந்ததும் விசைப்படகெல்லாம் கரைக்கு வந்துவிடும். கடைசிக்கட்டப் பிரசாரத்துக்கு வேட்பாளர் வரும்போது படகுக்குப் பலகை மாற்றிக்கொண்டிருப்பார்கள், பெயின்ட் வாடை மூக்கைத் துளைக்கும், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். விசைப்படகு கடலுக்கே போகாத நாளில் கைதுச் செய்தி எப்படி வரும்? பேச்செல்லாம் தடைக்கால நிவாரணம்தான். "கூட்டித் தருவோம்" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். தடை முடிந்து படகு இறங்கி, பிடிபட ஆரம்பிக்கும்போது தேர்தலே முடிந்திருக்கும்.

2024இல் இன்னும் மோசம். ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார், அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள், டி.வி.க்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நவாஸ்கனி இரண்டாம் முறையாக ஜெயித்தார். கடல் பேச்சு எங்கே வந்தது?

இன்னொன்று, அறந்தாங்கி, திருவாடானை, முதுகுளத்தூர் மூன்றிலும் கடற்கரை ஒரு வால்தான். கண்மாய்த் தண்ணீர், மிளகாய் விலை என்று உள்நாட்டுப் பேச்சுதான் அங்கே எடுபடும். அதுவும் பிழைப்புத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வாலைப் பிடித்துப் பேசுகிற எம்.எல்.ஏ. யார்?

எனக்குத் தோன்றுவது இதுதான். மணமேல்குடியிலிருந்து தொண்டி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களை ஒரே சட்டமன்றத் தொகுதியாக்கி, ராமநாதபுரம் எம்.பி. தொகுதியிலேயே வைக்கட்டும். அறந்தாங்கி டவுனும் மற்ற ஊர்களும் புதுக்கோட்டைப் பக்கமே போகட்டும். மாவட்ட எல்லை இடிக்கும் என்பார்கள். எம்.பி. தொகுதிக்கு மூன்று மாவட்டத்தைத் தாண்டலாம், எம்.எல்.ஏ. தொகுதிக்கு ஒரு எல்லையைத் தாண்டக் கூடாதா?

வரைவு கெஜட்டில் வந்து, மறுவரையறை ஆணையம் ஆட்சேபணை கேட்க உட்காரும்போது கட்சிக்காரர்கள் ஃபைலோடு போய் நிற்பார்கள். படகுச் சங்கங்களும் போக வேண்டும், ஒரு நாள் ஸ்டிரைக் போட்டாவது. மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.