மெஸ்ஸிக்கு ஃபிஃபா தூக்கிக் குடுத்துச்சா?

வருஷத்தோட சிறந்த கால்பந்து வீரருக்குக் குடுக்குற 2023 ஃபிஃபா பெஸ்ட் அவார்ட்ல மெஸ்ஸியும் நார்வே வீரர் ஹாலண்டும் டை ஆனாங்க, ஃபிஃபாவே முடிவு பண்ணி மெஸ்ஸிக்கு தூக்கிக் குடுத்துச்சுன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. டை ஆனது நிஜம், ரெண்டு பேருக்கும் 48 பாயிண்ட். மீதி கட்டுக்கதை. டை ஆனா தேசிய அணி கேப்டன்கள் யாருக்கு அதிகமா முதல் இடம் (5 பாயிண்ட்) குடுத்திருக்காங்கன்னு பாக்கணும்னு ரூல்ஸ்லயே இருக்கு, அதுல மெஸ்ஸிக்கு 107, ஹாலண்டுக்கு 64, பிரான்ஸ் கேப்டன் எம்பாப்பே, இங்கிலாந்து கேப்டன் ஹாரி கேன்கூட மெஸ்ஸியைத்தான் முதல்ல போட்டிருந்தாங்க.

உலகக்கோப்பைக்காக குடுத்தாங்கங்கிறதும் தப்பு, 2022 டிசம்பர் 19லேருந்துதான் கணக்கு, ஃபைனல் அதுக்கு முந்தின நாளே முடிஞ்சிருச்சு. மான்செஸ்டர் சிட்டி கிளப்புக்கு மூணு கப் வாங்கிக் குடுத்த ஹாலண்டுக்குத்தான் போயிருக்கணும்னு எனக்கும் தோணுது, ஆனா அது வேற சண்டை.