கடற்கரை வீட்டுக்கு நகை கொடுக்கும்போது

பரிசுக்குக் கல் வைத்த நகைதான் எடுப்பு என்று நகைப் பரிசு பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாம்பன், மண்டபம் பக்கம் அது சரிவராது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது வீட்டுச் செலவுக்கு நகைதான் அடகுக்குப் போகும். அங்கே கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்குப் பணம் தருவார்கள். அதனால் நாத்தனார் மகளுக்கோ தங்கைக்கோ எடுக்கிறீர்கள் என்றால், கல் இல்லாத 22 காரட் தோடோ மோதிரமோ பாருங்கள். 22 காரட் என்பதைக் காட்டும் 916 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறியும் அவசியம். பில்லையும் சேர்த்தே கொடுங்கள், விலை தெரிகிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

தோடு என்றால் திருகாணியைக் கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். கடைசிச் சுற்றில் இறுகி நிற்க வேண்டும். மரை வழுக்கினால் கூடை தூக்கி இறக்குகிற பெண்ணின் காதில் அது தங்காது, மணலில் விழுந்தால் தேடவும் முடியாது.

வளையலுக்கு அவருடைய பழைய வளையல் ஒன்றைக் கேட்டு வாங்கி அளவு பாருங்கள். கடையில் 2.4 அளவு என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது உள்விட்டம் இரண்டே கால் அங்குலம். கவரிங் மட்டும் வேண்டாம், உப்புக் காற்றில் சீக்கிரமே கறுத்துவிடும். வெள்ளிக் கொலுசும் கறுக்கத்தான் செய்யும், ஆனால் மெருகு போட்டால் பளிச்சென்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அது தாராளமாகக் கொடுக்கலாம்.