ஜேன்வே செய்தது கொலைதான்

'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் 'டூவிக்ஸ்' அத்தியாயம் ஒளிபரப்பானது 1996 மே மாதம். அதில் வரும் விண்கப்பலின் கேப்டன் ஜேன்வே கொலைகாரியா இல்லையா என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். என் கட்சி எது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

கதை தெரியாதவர்களுக்கு: ஒரு கோளில் செடிகளைச் சேகரித்துத் திரும்பும்போது, ஆர்க்கிட் பூ ஒன்றின் விசித்திரக் குணத்தால் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி டூவாக்கும் சமையல்காரர் நீலிக்ஸும், ஆட்களை நொடியில் இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டர் கருவியில் ஒரே ஆளாகக் கலந்துவிடுகிறார்கள். புதியவர் தனக்கு டூவிக்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறார். நன்றாகச் சமைக்கிறார், டூவாக்கின் வேலையையும் பார்க்கிறார். சில வாரங்கள் கழித்து இருவரையும் பிரிக்க வழி கிடைக்கிறது. பிரித்தால் டூவிக்ஸ் இருக்கமாட்டார்; அவரோ சாக மறுக்கிறார்.

இரண்டு உயிருக்கு ஓர் உயிர் என்று கணக்குப் போடுபவர்கள் உடனே, சிலரின் நலனைவிடப் பலரின் நலனே பெரிது என்று சொன்ன பழைய ஸ்டார் டிரெக் நாயகன் ஸ்பாக்கைத் துணைக்கு அழைப்பார்கள். 1982-இல் வந்த ஸ்டார் டிரெக் படத்தில் தன் கப்பலைக் காப்பாற்ற ஸ்பாக் கதிர்வீச்சு அறைக்குள் தானாகவே போனார், ஐயா. யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அடுத்தவன் உயிரை எடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்க முடியுமா? இல்லாமல்போன இருவருக்காகப் பேச ஜேன்வேயை விட்டால் ஆளில்லை என்ற வாதத்தை மட்டும் என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை.

ஆனால் கப்பலின் மேல்தளத்தில் டூவிக்ஸ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கெஞ்சும் காட்சியைப் பாருங்கள். அவர் கையால் சாப்பிட்டவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே ஓர் ஆள்தான் முடியாது என்கிறார்: மருத்துவர். பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தவரே அவர்தான். அவரும் ஒரு ஹோலோகிராம், அதாவது கணினி ஒளியால் உருவாக்கிய உருவம். முழு மனிதராக அவரையே பலர் மதிப்பதில்லை. கடைசியில் ஜேன்வே தன் கையாலேயே பிரிக்கும் காரியத்தை முடிக்கிறார். பிறகு நடைவழியில், ஜேன்வேயாக நடித்த கேட் முல்குரூவின் முகத்தைச் சில நொடிகள் காட்டுவார்கள். வசனமே இல்லாமல் அந்த அம்மா நடித்திருப்பது அபாரம்.

அடுத்த வாரம்? பழைய குருடி கதவைத் திறடி! கப்பலில் ஒருவர்கூட டூவிக்ஸ் பேரை எடுப்பதில்லை. 2023-இல் 'லோயர் டெக்ஸ்' என்ற ஸ்டார் டிரெக் கார்ட்டூன் தொடர் இதை வைத்து ஓர் அத்தியாயம் முழுக்கக் கேலி செய்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இருந்தாலும் ஜேன்வேயை விட எழுத்தாளர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். டூவாக் ஒருநாள் கேப்டனின் அறைக்கு வந்து, 'என்னைக் கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேன் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?' என்று கேட்கும் ஒரு காட்சியையாவது எழுதியிருக்கலாம்.