சேவல் இல்லையென்றால் கோழி முட்டையிடாதா?

“சேவல் இல்லாத வீட்டில் கோழி முட்டையிடாது, நான்கு பெட்டைக்கு இரண்டு சேவலாவது வேண்டும்” என்ற செய்தி மியான்மரின் யாங்கோன், பெகு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வைபர் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு. சினைப்பையிலிருந்து இறங்கும் மஞ்சள் கருவின் மேல் வெண்கருவும் ஓடும் படிந்து முட்டையாக வெளிவர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அந்த வேலையில் சேவலுக்குப் பங்கே இல்லை. குஞ்சு வேண்டுமானால்தான் சேவல் தேவை. அப்போதும், சேவல் மிதித்த பெட்டை விந்தைத் தன் உடலிலேயே சேமித்து வைத்து, ஏறக்குறைய இரண்டு வாரம் வரை கருக்கூடிய முட்டையிடும் என்பதால், எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

செய்தியை நம்பிச் சின்னக் கூண்டில் இரண்டு சேவலை விட்டவர்கள், தங்கள் பெட்டைகளின் முதுகை ஒருமுறை தடவிப் பார்க்கட்டும்: பிடரியில் இறகு உதிர்ந்து, தோல் சிவந்து, இறக்கையடியில் கால்முள் கிழித்த கீறல் தெரியலாம். விடைக்கோழி முதல் முட்டையிடும் பருவமும் இளஞ்சேவல் கூவத் தொடங்கும் பருவமும் அடுத்தடுத்து வருவதே இந்த நம்பிக்கைக்கு வித்திட்டிருக்கும் என்று தோன்றுகிறது. முட்டை நின்றுபோனால் கோழி இறகு உதிர்க்கிறதா, அடையில் உட்கார்ந்திருக்கிறதா, தீவனத்தில் கிளிஞ்சல் தூள் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.