பிள்ளைகள் படித்து முடித்தாச்சு, நான் ஏன் ஸ்கூல் டாக்ஸ் கட்டணும்?

டெக்சஸில் வீடு வாங்கி ரொம்ப வருஷமாக இருக்கும் நண்பர் ஒருவர் போனில் புலம்பித் தீர்த்துவிட்டார். சொத்து வரி பில் வந்திருக்கிறது. அதில் பாதிக்குமேல் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புக்குப் போகிறது. "என் பசங்க ரெண்டு பேரும் வேலைக்கே போயாச்சு. யார் பிள்ளை படிக்க நான் கட்டிட்டிருக்கேன்?"

அவர் எரிச்சல் எனக்குப் புரிகிறது. வருமான வரி சம்பளம் கைக்கு வருமுன்பே கழிந்துவிடுகிறது. விற்பனை வரி கடையில் சில்லறையாகக் கரைகிறது. சொத்து வரி மட்டும்தான் மொத்தமாக ஒரு தாளில் வந்து முகத்துக்கு நேரே நிற்கிறது. வீட்டின் மதிப்பு ஏறிவிட்டது என்று அரசு சொல்கிறது, சம்பளமோ ஏறவில்லை. சமையலறைச் சுவரை விற்றா வரி கட்ட முடியும்?

ஆனால் அவர் கேட்ட கேள்வி தப்பு என்று நினைக்கிறேன். 'நான் ஏன் கட்டணும்' என்பதைவிட, 'நான் கட்டுவது ஏன் அந்தக் கோட்டோடு நின்றுவிடுகிறது' என்று கேட்டிருக்க வேண்டும்.

கோடு என்றால் பள்ளி மாவட்டத்தின் எல்லைக்கோடு. அது என்ன செய்யும் என்பதற்கு டெக்சஸின் சான் அன்டோனியோ நகரத்தின் கதை ஒன்று போதும். எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று ஒரே நகரப் பகுதியில் இரண்டு பள்ளி மாவட்டங்கள். முதலாவதில் பெரும்பாலும் மெக்சிக வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள், இரண்டாவதில் வசதியானவர்கள். 1967-68 கணக்குப்படி எட்ஜ்வுட் மக்கள் தங்கள் சொத்தின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்த வட்டாரத்திலேயே அதுதான் அதிக விகிதம். அதிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் விகிதம் 85 செண்ட்தான். ஆனால் மாணவருக்குக் கிடைத்தது 333 டாலர்.

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அதிக விகிதத்தில் கட்டியவன் பிள்ளைக்கு 26. குறைவாகக் கட்டியவன் பிள்ளைக்கு 333. எட்ஜ்வுட் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் வீடுகளின் விலை குறைவு, அவ்வளவுதான்.

டிமெட்ரியோ ராட்ரிகஸ் என்ற எட்ஜ்வுட் தந்தையும் வேறு சில பெற்றோரும் இந்த ஏற்பாட்டை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1973-இல் 5-4 என்று தோற்றது. கல்வி என்பது அமெரிக்க அரசியல் சாசனம் வெளிப்படையாகத் தரும் உரிமை அல்ல என்றது பெரும்பான்மை. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். அப்புறம் 1989-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றமே, மாநில சாசனப்படி இந்த ஏற்பாடு செல்லாது என்று ஒருமனதாகச் சொன்னது. பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்துப் பிற மாவட்டங்களுக்குக் கொடுக்கும் சட்டம் 1993-இல் வந்தது. 'ராபின் ஹுட்' என்று அதற்குப் பெயர் வைத்து இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் நண்பரும்தான்.

சரி, வரிக்கே உச்சவரம்பு போட்டுவிட்டால்? கலிபோர்னியா 1978-இல் செய்தது அதைத்தான். வரி வீட்டு மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வீடு கைமாறும்வரை மதிப்பீடு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்குமேல் ஏறக் கூடாது. முதியவர்களுக்கு நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே மாதிரி இரண்டு வீடுகளில், நேற்று வாங்கியவர் பழைய ஆளைவிடப் பல மடங்கு கட்டுகிறார். உள்ளூர் வரி குறைந்து மாநிலப் பணத்தை நம்பிய பள்ளிகளோ மாநில வருவாயின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஆடத் தொடங்கின.

எனக்கு மிச்சிகன் வழிதான் ஓரளவு பிடித்திருக்கிறது. 1993-இல் கல்காஸ்கா என்ற ஊரில் கூடுதல் வரியை வாக்காளர்கள் நிராகரிக்க, பணமில்லாமல் மார்ச் மாதமே பள்ளிகளை மூடினார்கள். மறு வருஷம் மாநிலம் விற்பனை வரியை 4-இலிருந்து 6 சதவீதமாக்கி, பள்ளிகளுக்கான உள்ளூர் சொத்து வரியைப் பெருமளவு குறைத்தது. அதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. விற்பனை வரி ஏழையைத்தான் அதிகம் கடிக்கும், கட்டடச் செலவும் உள்ளூர் தலையிலேயே இருக்கிறது. ஆனாலும் அன்றாடச் செலவுக்கான பணம் மாநிலம் முழுவதுமிருந்து வருகிறது. பிள்ளை எந்தத் தெருவில் பிறந்தது என்பதன் கனம் அந்த அளவுக்காவது குறைகிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நண்பரிடம், அன்றைக்கு ஏன் அந்த வீட்டை வாங்கினீர்கள் என்று கேட்டேன். "ஸ்கூல் ரேட்டிங் பார்த்துத்தான்" என்றார். அப்போது அந்தத் தெருவில் பிள்ளைகள் வளர்ந்து போன எத்தனையோ வீடுகள் வரி கட்டிக்கொண்டிருந்தன அல்லவா என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இருந்தாலும் பில் ஜாஸ்திதான்" என்றார். அதை நானும் மறுக்கவில்லை.