பினாங்கு என்றதும் நமக்கு ஏன் துரைச்சாமி நினைவுக்கு வரவில்லை?

எங்கள் வீட்டில் ஒரு பச்சை மங்குத் தூக்கு இருக்கிறது. விளிம்பில் பூச்சு உதிர்ந்து கறுத்துப்போயிருக்கும். "உங்க ஐயா பினாங்குலேர்ந்து கொண்டாந்தது" என்று அப்பத்தா இன்றைக்கும் அதை யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

காரைக்குடிப் பக்கம் பினாங்கு என்றால் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊர். செட்டியார்கள் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கி, அங்கே கணக்குப் பார்த்த பெட்டியடி, தண்ணீர்மலை முருகன் கோயில், தைப்பூசத்து வெள்ளி ரதம். ஆனால் இதே சீமையிலிருந்து 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி அதே பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களை நாம் பேசுவதே இல்லை. கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும், அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களும். துரைச்சாமிக்கு அப்போது வயது 15. அப்பத்தாவிடம் சொன்னேன். "பதினஞ்சா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஒவ்வொரு அக்டோபரிலும் திருப்பத்தூரிலும் காளையார்கோயிலிலும் மருதிருவருக்கு மாலை போடுகிறோம். போடத்தான் வேண்டும். 1801 அக்டோபர் 24இல் அவர்களைத் தூக்கிலிட்டது நம் மண்ணில்தானே! ஆனால் தூக்குக் கயிற்றோடு கதையை முடித்துவிடுகிறோம். கல்லல் பக்கம் இருக்கிற அரண்மனை சிறுவயல் சின்ன மருது வாழ்ந்த ஊர். கும்பினிப் படை வந்தபோது நம் ஆட்களே ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஒரு மாதம் முயன்ற படை, முடியாமல் திரும்பியது. அந்த ஒரு மாதம் காட்டுக்குள் நின்று தடுத்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

இன்னொன்றும் எனக்கு ஆற்றாமை. விழா ப்ளெக்ஸில் சாதிப் பெயர் பெரிதாக, மருதுவின் பெயர் சிறிதாக இருக்கிறது. 1801 ஜூனில் திருச்சியிலும் சீரங்கத்திலும் ஒட்டிய அறிக்கையில் சின்ன மருது எல்லா வருணத்தாரையும் முசல்மான்களையும் சேர்த்துத்தான் அழைத்தார். அதை ஒரு சாதிக்குள் பூட்டுவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, தனக்கு ஈட்டியும் வளரி என்ற வளைதடியும் எறியச் சொல்லிக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். பிறகு அவரே மருதுவுக்கு எதிரான படையில் வந்தார். 1818இல் பினாங்கில் தளர்ந்துபோன ஒருவர் அவர் முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் அது துரைச்சாமி என்று தெரிந்தது. வயது முப்பத்து சொச்சம்தான், பார்க்கக் கிழவர்!

வருகிற அக்டோபரில் காளையார்கோயில் போகிறவர்கள் அரண்மனை சிறுவயலுக்கும் போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். துரைச்சாமி பெயரையும் அங்கே சொல்லுங்கள்.